வண்டி எதுவரை போகும்?

வடபழனியில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முருகன் கோயிலுக்குப் பின்னால் ஏதோ ஒரு சந்து, இரண்டாவது மாடி. விடியற்காலை நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ‘‘ஊரைக் காலி பண்ணணும் சார். பஸ், ரயில் எதுவும் கிடையாது. நடந்துதான் போகணும். அரைமணி நேரம் டைம்!’’

என்ன எடுப்பீர்கள்?

நகை, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் அடங்கிவிடும். தலைவலி அதற்கப்புறம்தான். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு, குடிக்க மட்டுமே ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. மூன்று நாளைக்கு முப்பது! அப்புறம் அரிசி, பருப்பு, ஒரு பாத்திரம், போர்வை, குழந்தையின் பால் பவுடர், அம்மாவின் மாத்திரை... அட, அம்மாவாலேயே பத்தடிக்கு மேல் நடக்க முடியாதே! கூட்டிப் பார்த்தால் நூறு கிலோவைத் தாண்டும். நன்றாகப் பயிற்சி பெற்ற சிப்பாயே முதுகில் இருபத்தைந்து, முப்பது கிலோவோடு நிறுத்திக்கொள்வான். நீங்களோ, ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கியதற்கே ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்கிறவர்!

இந்த இடத்தில் உங்கள் கண் தானாக வேறொன்றைத் தேட ஆரம்பிக்கும். வீட்டில் உருளக்கூடியது என்ன இருக்கிறது? பெரிய டிராலி சூட்கேஸ், பையனின் சைக்கிள், மூன்றாவது வீட்டுக் குழந்தையின் தள்ளுவண்டி, தெருமுனையில் பூட்டிவைத்திருக்கும் இஸ்திரி வண்டி...

சரித்திரத்தில் ஊரைவிட்டு ஓடிய ஜனங்கள் எல்லோருமே முதலில் தேடியது இதைத்தான். 1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கியபோது, பிரான்ஸின் சாலைகளில் லட்சக்கணக்கானோர் தெற்கே நடந்தார்கள். குழந்தை வண்டியில் பாத்திர மூட்டை, தோட்டத்து ஒற்றைச் சக்கர வண்டியில் பாட்டி! சக்கரம் அப்படியொரு மாயம். நல்ல தார் ரோட்டில் நூறு கிலோ பாரத்தை உருட்ட இரண்டு மூன்று கிலோவைத் தூக்குகிற பலம் போதும். ஆனால், அதே வண்டியை மணலில் இறக்கிப் பாருங்கள்... பத்து மடங்கு பலம் கேட்கும். பத்தடிக்கு ஓரடி ஏற்றம் வந்தால் கூடவே இன்னொரு பத்து கிலோ. படிக்கட்டு, பாறை, சேறு வந்தால்? வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்!

அதனால், நடந்து தப்பித்த ஜனங்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் தேடிப் பார்ப்பது ஒரு விஷயம். வண்டி எந்த இடத்தில் நின்றுபோனது? யாருடைய வண்டி?

அந்த மாதிரி நடந்தவர்களின் கதையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அதுவும் வடபழனியிலேயே எடுத்தது! ஆற்காடு சாலையில் ஏவி.எம். வளாகத்தில் உருவாகி, 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’. சிவாஜியின் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், அந்தக் கதைக்கு அடிப்படையே ஒரு நடைப்பயணம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ரங்கூனில் இருக்கும் அண்ணன் தம்பி மூவர். தங்கை கல்யாணத்துக்குக் கப்பலில் ஓர் ஆளுக்குத்தான் இடம் கிடைக்கிறது. மற்ற இருவரும் குண்டு மழைக்கு நடுவே காட்டு வழியாக நடந்து வருகிறார்கள். அதில் எஸ்.எஸ்.ராஜேந்திரன் ஏற்ற ஞானசேகரனுக்கு ஒரு கால் போய்விடும். தமிழ்நாட்டுக்கு வந்து பிச்சைக்காரர்களுக்குச் சங்கம் வைப்பானே, அவன்தான். 1952-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலருக்கு அது சினிமாவாகத் தெரிந்திருக்காது. பத்து வருஷம் முன்பு தன் சித்தப்பாவோ மாமாவோ நடந்து வந்த வழி அது. சிலர் வந்து சேரவே இல்லை.

நிஜத்தில் என்ன நடந்தது?

1930-களில் பர்மாவில் பத்து லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே! துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், தெருக் கூட்டியவர்கள், கை ரிக்‌ஷா இழுத்தவர்கள், கடைக் கணக்கு எழுதியவர்கள், வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் என்று அது கிட்டத்தட்ட நம்மூர்தான்.

1941 டிசம்பர் 23. ஜப்பானிய விமானங்கள் ரங்கூனின் மேல் வந்தன. ஜனங்களுக்கு விமானச் சண்டை புதுசு. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள்! குண்டுகள் விழுந்தன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடி குண்டுவீச்சு. இரண்டு நாளும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பிணங்கள். அவ்வளவுதான்... நகரமே கிளம்பிவிட்டது. கைவண்டி, மாட்டுவண்டி, சைக்கிள் என உருளக்கூடிய எல்லாம் ப்ரோம் சாலையில் வடக்கே உருண்டன. ப்ரோம் சுமார் 180 மைல். அங்கே ஐராவதி ஆற்றைக் கடந்து, மலையேறி இறங்கினால் தாங்கூப். அங்கிருந்து கடலோரமாகச் சிட்டகாங். இதுதான் அவர்கள் மனசில் இருந்த மேப்.

இங்கேதான் கொடுமை. துறைமுகத் தொழிலாளிகளும் துப்புரவுத் தொழிலாளிகளும் போய்விட்டால் ரங்கூன் நாறிப்போகும், கப்பலிலிருந்து சாமான் இறங்காது என்று அரசாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ‘ஊருக்குத் திரும்புங்கள், பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பு’ என்று சொல்லி, நடந்து போனவர்களில் ஏராளமானோரைப் பாதி வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்! அத்தனை மைல் தள்ளிக்கொண்டு போன வண்டியை மறுபடி தெற்கு நோக்கித் திருப்பியவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டே மாதம். 1942 மார்ச் 7 அன்று அதே அரசாங்கம் ரங்கூனைக் கைவிட்டு ஓடியது. மறுநாள் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். ‘பொறுப்பு’ ஏற்றவர்களில் பலர் விமானத்திலும் காரிலும் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. டிக்கெட் வாங்கக் காசும், டிக்கெட் கொடுக்கும் இடத்தில் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு இருந்தது. கூலிக்காரனுக்குக் கால்தான்.

தாங்கூப் பாதையில் வண்டி மலையடிவாரம் வரை போனது. அதற்குமேல் வெறும் ஒற்றையடித் தடம். தண்ணீர் கிடையாது. கிடைத்த தண்ணீரில் காலரா. வண்டியில் இருந்ததைத் தலைக்கு மாற்றினார்கள், தலையில் இருந்ததை வழியில் இறக்கினார்கள். இன்னொரு பெரிய வழி மண்டலேயிலிருந்து சிந்த்வின் ஆற்றுப் பக்கம் போய், கபா பள்ளத்தாக்கு வழியாக தாமு என்ற எல்லை ஊர். அங்கிருந்து மணிப்பூர் மலை. தாமு வரை மாட்டுவண்டி கிடைத்தது. வண்டிக்காரர்கள் கேட்டதே வாடகை. தாமுவில் சக்கரத்தின் ஆட்சி முடிந்தது. மலை ஏறி இறங்கி பலேல் போய்ச் சேர்ந்தால் மறுபடி தார் ரோடு, லாரி, இம்பால், கடைசியில் ‘மணிப்பூர் ரோடு’ என்று பெயர் வைத்திருந்த திமாப்பூர் ரயில்வே ஸ்டேஷன். தாமுவிலிருந்து பலேல் வரை உள்ள அந்த மலைத்துண்டு, பல குடும்பங்களைப் பாதியாக்கிவிட்டது.

அந்த மலையிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. கொஞ்சம் சுமாரான, முகாமும் சாப்பாடும் உள்ள பாதை வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும். சுற்றிக்கொண்டு போகும் மோசமான பாதை இந்தியர்களுக்கு. ஜனங்கள் அவற்றுக்கு வைத்த பெயரே ‘வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை’! இந்தியாவில் இது பெரிய அரசியல் புயலானது. நேருவிலிருந்து பலரும் கண்டித்தார்கள். பிரிட்டிஷார் ‘பாகுபாடு எதுவும் இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். (அதே பிரிட்டிஷாரில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு வந்து வழியில் முகாம் போட்டு, டீயும் சோறும் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியதையும் சொல்லவேண்டும்.)

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. அதற்கும் வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக லெடோ நோக்கிப் போனவர்கள் இடுப்பளவு சேற்றிலும் அட்டையிலும் மலேரியாவிலும் மாட்டிக்கொண்டார்கள். மொத்தத்தில் நாலு, ஐந்து லட்சம் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள் என்பது கணக்கு. இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. குறைந்தபட்சம் பத்தாயிரம் என்பார்கள். ஐம்பதாயிரம் என்பார்கள். அதற்கு மேலும் சொல்கிறவர்கள் உண்டு. யார் எண்ணியது?

நடந்து வந்தவர்களில் ஒருவர், ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திய வெ.சாமிநாத சர்மா. பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழுக்குக் கொண்டுவந்த அறிஞர். மனைவியோடு நடந்தே இந்தியா வந்து, அதை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்று எழுதியும் வைத்தார். தமிழில் அகதி அனுபவத்தைச் சொல்லும் புத்தகங்களில் முதல் வரிசையில் இருக்கவேண்டியது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

இப்படி வந்தவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். கூடவே அவர்கள் சொன்ன கதைகளும் வந்தன. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், பாவம்! ஜனங்கள் ரயிலில் தொங்கினார்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஜட்கா, மாட்டுவண்டி, கைவண்டி. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு போட்டபோதும் இதே காட்சிதான். அன்றைக்குக் கோடம்பாக்கத்தில் மேம்பாலம் கிடையாது, ரயில்வே கேட்தான். அதைத் தாண்டினால் வடபழனி, சென்னை கார்ப்பரேஷன் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். போரூர், பூந்தமல்லி பக்கம் சொந்தக்காரர் இருந்தவர்கள் இந்த ஆற்காடு சாலை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நல்லவேளை, சாலை தட்டையானது. ஜப்பான்காரனும் அந்த மாதம் வரவில்லை. சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். வண்டிகளும் தப்பித்தன.

சாலை கைவிட்டதால் நின்ற வண்டிகளைப் பார்த்தோம். செய்த மரமே கைவிட்ட வண்டிகளும் உண்டு. அமெரிக்காவில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், அடி உதைகளுக்குப் பயந்து மேற்கே உட்டா பிரதேசத்துக்குப் போய்க் குடியேறியவர்கள். பின்னால் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை மார்மன்களுக்கு மாடு பூட்டிய வண்டி வாங்க வசதியில்லை. ‘கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்’ என்றது தலைமை. 1,300 மைல்! 1856 முதல் 1860 வரை சுமார் மூவாயிரம் பேர் அப்படி நடந்தார்கள். ஓர் ஆளுக்குத் துணி, படுக்கை எல்லாம் சேர்த்து 17 பவுண்டு, அதாவது எட்டு கிலோவுக்கும் குறைவாகத்தான் அனுமதி.

அவசரத்தில் பச்சை மரத்தில் வண்டி செய்தார்கள். நம்மூர் ஆசாரியைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். வறண்ட காற்றில் மரம் காய்ந்து சுருங்க, சக்கரங்கள் கழன்றன. மணல் புகுந்து அச்சுக் கட்டை தேய்ந்தது. சாப்பிட வைத்திருந்த பன்றிக் கொழுப்பை எடுத்து அச்சில் தடவினார்கள். பழைய பூட்ஸ் தோலை வெட்டிச் சுற்றினார்கள். 1856-ல் தாமதமாகக் கிளம்பிய இரண்டு குழுக்களில் ஒன்று, வண்டி பாரம் தாங்கவில்லையென்று அக்டோபர் 17 அன்று போர்வைகளையும் துணிகளையும் வழியிலேயே போட்டுவிட்டது. ஆளுக்குப் பத்து பவுண்டு போதும் என்றார்கள். இரண்டே நாளில், அக்டோபர் 19 அன்று, பனி கொட்ட ஆரம்பித்தது! அந்த இரு குழுக்களிலும் இருந்த ஆயிரம் பேரில் இருநூறுக்கு மேல் பிழைக்கவில்லை. வண்டியைக் காப்பாற்ற எதை எறிகிறோம் என்பது சாதாரண விஷயமில்லை, பாருங்கள்.

இந்த வித்தையில் உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடியது மாட்டுவண்டியோ கைவண்டியோ இல்லை. நம் வீட்டு சைக்கிள்தான்! ஏறி மிதிக்கக் கூடாது. தள்ள வேண்டும். 1954-ல் வியட்நாமியர்கள் தியன் பியன் பூ கோட்டையை முற்றுகையிட்டபோது, மலைக்காட்டில் அரிசியும் குண்டும் போனது ஆயிரக்கணக்கான சைக்கிள்களில். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டி, சீட்டுக்குக் கீழே இன்னொரு கழியைச் செருகி, இரண்டையும் பிடித்துத் தள்ளினால் ஒரு சைக்கிள் 200 கிலோவுக்கு மேல் சுமக்கும். பெரிய சக்கரம், அதனால் சின்னப் பள்ளத்தில் மாட்டாது. ஒற்றைத் தடம் போதும், அதனால் மாட்டுவண்டி நிற்கிற இடத்திலும் இது போகும். பிரெஞ்சு ஜெனரல்கள் இதை நம்பவில்லை. தோற்றார்கள்.

தமிழர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வியட்நாம் தேவைப்படவில்லை. வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் வந்து குடியேறிய ஈழத்தமிழர் யாரையாவது தெரியுமென்றால் 1995 அக்டோபர் 30 பற்றிக் கேட்டுப் பாருங்கள். இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கிவிட்டது. வலிகாமம் பகுதியை உடனே விட்டு வெளியேறும்படி புலிகள் அறிவித்தார்கள். ஒரே இரவில் லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். நாலு, ஐந்து லட்சம் என்கிறார்கள். தென்மராட்சிக்குப் போக இருப்பது குறுகலான ஓரிரு வழிகள். கடல்நீரேரியைத் தாண்டும் நாவற்குழிப் பாலம் அதில் ஒன்று. மழை வேறு.

பொருளாதாரத் தடையால் பல வருஷமாக அங்கே பெட்ரோல் அபூர்வம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டவும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்கவும் பழகிய ஊர் அது. அதனால், அன்று இரவு யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள். கேரியரில் மூட்டை, ஹேண்டிலில் பை, பாரில் குழந்தை. நடக்க முடியாத தாய் தகப்பன் கேரியரில் உட்கார, மகன் தள்ளிக்கொண்டு போனான். தள்ளினான் என்பதுகூடச் சரியில்லை. நெரிசலில் ஒரு சில கிலோமீட்டரைக் கடக்கவே பல மணி நேரம். தாகத்துக்குக் குடையைத் திருப்பிப் பிடித்து மழைத் தண்ணீரைக் குடித்ததாகச் சொல்வார்கள். அடுத்த வருஷம் திரும்பிப் போனவர்களுக்கும் அதே சைக்கிள்தான்.

2008, 2009-ல் வன்னியில் வேறு மாதிரி. கிளிநொச்சியிலிருந்து கிழக்கே விலக விலக, ஜனங்கள் டிராக்டரிலும் லாண்ட்மாஸ்டரிலும் ஓட்டையும் தகரத்தையும் கதவு, ஜன்னலையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். போய்ச் சேருகிற இடத்தில் மறுபடி கூரை வேண்டுமே! ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை பாதியானது. டிராக்டர் போய் சைக்கிள். சைக்கிள் போய்க் கைப்பை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து நீரேரியில் இறங்கி நடந்தவர்கள் கையில் அநேகமாக அந்தப் பையும் இல்லை.

சரி, நம்மூருக்கு வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, வடபழனிக்குப் பக்கத்திலேயே ஜாபர்கான்பேட்டையும் ஈக்காட்டுத்தாங்கலும் மூழ்கின. படகு வருவதற்கு முன்னால் வந்தவை டயர் டியூப், தண்ணீர் டிரம், மீன்பாடி வண்டி. ட்ரைசைக்கிளில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்திய, எந்தச் சட்டத்திலும் இடமில்லாத, ‘தடை செய்ய வேண்டும்’ என்று எத்தனையோ முறை பேசப்பட்ட அதே வண்டி! பாடி உயரமாக இருப்பதால் முழங்கால் தண்ணீரில் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம். வயதானவர்கள் நனையாமல் உட்காரலாம்.

இதெல்லாம் போர், வெள்ளம். குண்டும் இல்லாமல், மழையும் இல்லாமல் ஜனங்கள் நடந்ததை நாமே டி.வி.யில் பார்த்தோம். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. வேலையும் கூலியும் நின்றன. பஸ், ரயில் நின்றன. வடநாட்டுத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடக்க ஆரம்பித்தார்கள். ஆக்ராவில் ஒரு தாய் டிராலி சூட்கேஸை இழுத்துக்கொண்டு போகிறார். அதன்மேல் குப்புறப் படுத்து அவர் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிறான். அந்த வீடியோவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அதே மே மாதம் ஹைதராபாத்திலிருந்து ஒரு தொழிலாளி கிளம்பினார். ஊர், மத்தியப் பிரதேசத்தில் பாலாகாட் மாவட்டம். சுமார் 700 கிலோமீட்டர். மனைவி கர்ப்பிணி, மகளுக்கு இரண்டு வயது. கொஞ்ச தூரம் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மனைவியால் நடக்க முடியவில்லை. வழியில் கிடைத்த கட்டைகளை வைத்து ஒரு பலகை வண்டி செய்தார். நம்ம பையன்கள் மெக்கானிக் ஷெட்டில் பழைய பேரிங் வாங்கி ஒரு வண்டி செய்வார்களே, பார்க்க ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. தரையோடு தரையாகச் சின்னச் சக்கரங்கள். இரண்டு பேரையும் அதில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டே மாநில எல்லை வரை வந்துவிட்டார். அவர் அதிர்ஷ்டம், வழி நெடுக தார் ரோடு.

எல்லையில் போலீஸார் அவர்களை நிறுத்தினார்கள். சாப்பிட பிஸ்கட் கொடுத்தார்கள். குழந்தையின் காலில் செருப்பு இல்லாததைப் பார்த்து ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். அப்புறம் கிராமத்துக்குப் போக, ஒரு வண்டி ஏற்பாடு செய்தார்கள்.